தோலுரித்த பின் எந்த மிருகம்?

தலையும் தோலும் குளம்பும் இருக்கும்வரை ஒரு மிருகத்துக்குச் சாட்சி தேவையில்லை. அவற்றை நீக்கி, எலும்பைக் களைந்து, மிளகாய்த்தூளில் புரட்டிவிட்டால் காலமெல்லாம் கத்தி பிடித்தவருக்கும் சந்தேகம் வரும். புத்தளம் மாவட்டத்து முந்தலில் இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொஞ்சம் அதிகம். கொழும்பு–புத்தளம் வீதியில், சிலாபத்துக்கு வடக்கே, களப்பின் ஓரத்தில் இருக்கும் ஊர் இது. களப்புக்கும் கடலுக்கும் இடையிலான மணல்திட்டில் உடப்பின் தமிழ்க் கடற்றொழிலாளர் வாழ்கிறார்கள். வீதி நெடுகிலும் முஸ்லிம், கத்தோலிக்க, பௌத்த ஊர்கள் மாறி மாறி வருகின்றன. வடக்கே வில்பத்துக் காடு, அதில் மானும் மரையும் பன்றியும். வடமேற்கே கற்பிட்டிக் குடாவின் கடற்புல் வெளிகள். இங்கே ஒருவர் விரும்பி உண்பதை அயலவர் தொடமாட்டார். எவருமே தொடக்கூடாதென்று சட்டம் சொல்லும் விலங்குகளும் பக்கத்திலேயே திரிகின்றன.

ஆகவே "இது என்ன இறைச்சி?" என்ற கேள்வியை இங்கே நான்கு வகையானவர்கள் கேட்கிறார்கள். ஆட்டிறைச்சி விலை கொடுத்தவர் பையில் இருப்பது ஆடுதானா என்கிறார். மார்க்கத்துக்கோ வழக்கத்துக்கோ ஒவ்வாதது கலந்திருக்குமோ என்பது இன்னொருவரின் கவலை. உறைபெட்டியில் கிடப்பது மாடா, மரையா, கடற்பசுவா என்று வனஜீவராசிகள் அதிகாரி கேட்கிறார். மேயப்போன மாடு திரும்பி வராத வீட்டுக்காரரின் கேள்வி வேறு: இது என்னுடைய மாடா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தரும் டி.என்.ஏ. சோதனை இப்போது பெரிய ஆய்வுகூடங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒரு பாடசாலையோ ஆர்வமுள்ள நாலு இளைஞரோ மேசையொன்றில் வைத்துச் செய்யுமளவுக்கு அது சிறுத்துவிட்டது. கருவியைப் பற்றி எனக்கு ஐயம் அதிகமில்லை. துண்டு எங்கிருந்து வந்தது, முடிவு எங்கே போகிறது என்பவைதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமானவை.

முந்தல் பகுதிக்கு பீசீஆர் என்ற சொல் கொரோனாவோடு வந்து சேர்ந்ததல்ல. 1980களிலிருந்து களப்பைச் சுற்றிப் பெருகிய இறால் பண்ணைகளை 1996 இல் வெண்புள்ளி நோய் குப்புறக் கவிழ்த்தது. அதன் பின்னர், குளத்தில் விடுமுன் இறால் குஞ்சுகளை வைரசுக்காக பீசீஆரில் சோதிப்பது தொழிலின் ஒரு பகுதியானது. பண்ணைகளைக் கண்காணிக்கும் நக்டா நிறுவனத்தின் அலுவலகம் பக்கத்துப் பத்துலுஓயாவில் இருக்கிறது. குஞ்சு "பொசிட்டிவ்" என்றால் பணம் போயிற்று என்பது இங்கே பண்ணைக் காவலாளிக்கும் தெரியும். இறால் குஞ்சில் வைரஸைத் தேடுவதும் இறைச்சித் துண்டில் மிருகத்தைத் தேடுவதும் அடிப்படையில் ஒரே வேலைதான். தேடும் தொடர் மட்டுமே வேறு.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறைச்சியில் அரிசியளவு எடுத்து, புரதத்தைக் கரைக்கும் நொதியில் ஊறவைத்து, உப்பும் மதுசாரமும் சேர்த்து டி.என்.ஏ.யைப் பிரிக்கிறார்கள். பிறகு காரி மல்லிஸ் 1983 இல் கண்ட வழி: 95 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் இரட்டை இழை பிரியும், 50 முதல் 60 பாகைக்குக் குளிரவிட்டால் நாம் போட்ட சிறு தொடக்க இழைகள் தமக்குரிய இடத்தில் ஒட்டும், 72 பாகையில் நொதி அவற்றை நீட்டி நகலெடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் இரட்டிக்க, 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். மல்லிஸுக்கு இதற்காக 1993 இல் நோபல் பரிசு கிடைத்தது.

மிருகத்தை அடையாளம் காணப் பெரும்பாலும் பார்ப்பது இழைமணியின் டி.என்.ஏ.யை. ஒரு கலத்தில் கருவின் டி.என்.ஏ. இரண்டு பிரதிதான், இழைமணியினுடையதோ நூற்றுக்கணக்கில், தசையில் அதற்கும் மேல். வெந்தும் காய்ந்தும் சிதைந்த இறைச்சியிலும் ஏதாவது மிஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுதான் காரணம். 1999 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மிக எளிய ஏற்பாடொன்றை வெளியிட்டார்கள். ஒரே குழாயில் ஆறு மிருகங்களுக்கான தொடக்க இழைகளைப் போட்டு, ஒவ்வொன்றின் நகலும் வெவ்வேறு நீளத்தில் வருமாறு அமைத்தார்கள். வெள்ளாடு 157 எழுத்து, கோழி 227, மாடு 274, செம்மறி 331, பன்றி 398, குதிரை 439. டி.என்.ஏ.யின் காரச்சோடிகளைத்தான் இங்கே எழுத்து என்கிறேன். நகல்களைக் கூழ்மத்தில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டால் குட்டையானது முன்னே போகும், நெட்டையானது பின்தங்கும். கோடு நிற்கும் இடத்தைப் பார்த்து மிருகத்தைச் சொல்லிவிடலாம். அந்தக் கூழ்மத்துக்கான அகரோஸ் சிவப்புப் பாசிகளிலிருந்து கிடைப்பது. நோன்பு காலத்தில் இந்தக் கரையோர வீடுகளில் காய்ச்சும் கஞ்சிப்பாசியும் அந்தப் பெரும் கூட்டத்தைச் சேர்ந்ததே.

இந்த முறை நாம் சந்தேகிக்கும் மிருகங்களை மட்டுமே காட்டும். பட்டியலில் இல்லாத மரை அங்கே வந்தால் கோடே விழாது. எதுவென்றே தெரியாத துண்டுக்கு வேறு வழி: எல்லா விலங்குக்கும் பொதுவான ஒரு பகுதியை நகலெடுத்து, எழுத்து எழுத்தாக வாசித்து, சேமிப்பில் உள்ள தொடர்களோடு ஒப்பிடுவது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் போல் ஹேபர்ட் 2003 இல் முன்வைத்த டி.என்.ஏ. பார்கோடு இதுதான், சுமார் 650 எழுத்து நீளம். அதே ஆண்டில் ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங்கும் எஸ்.கே. வர்மாவும் இழைமணியின் இன்னொரு பகுதிக்குப் பொதுவான தொடக்க இழைகளை வெளியிட்டார்கள். இந்தியாவின் வனவிலங்கு வழக்குகள் பலவற்றில் புலித்தோலும் மான் இறைச்சியும் அந்த மையத்துக்குத்தான் போயின.

அமெச்சூர்கள் கைக்கு இது வந்த கதை வேகமானது. 2008 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் வீட்டு உயிரியலாளர் கூட்டமொன்று உருவாகிறது. 2011 வாக்கில் ஓப்பன்பீசீஆர் என்ற பெட்டி 600 டொலர் அளவில் விற்பனைக்கு வருகிறது. பின்னர் மினிபீசீஆர், பெண்டோ லாப் என்று பாடசாலைக்கு ஏற்ற பெட்டிகள் வந்தன. உள்ளங்கையில் அடங்கும் மினயன் வாசிப்புக் கருவி 2014 இல் முதல் பயனர்களைச் சேர்ந்தது. பெட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு, 2000 இல் ஜப்பானில் உருவான லாம்ப் முறை இருக்கிறது. 60–65 பாகையில் மாறாமல் நிற்கும் வெந்நீர் போதும். குழாயின் நிறம் மாறுவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். வாசிப்பு மட்டும் தேவைப்பட்டால் நகலைக் குப்பியில் அடைத்து வணிக ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பலாம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னோடியான ஒரு செயலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 1993 இல் ஸ்கொட் பேக்கர், ஸ்டீபன் பலும்பி என்ற இரு மரபியலாளர்கள் ஜப்பானியச் சந்தைகளில் விற்ற திமிங்கில இறைச்சியைச் சோதிக்க விரும்பினார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கைப்படி அந்த இறைச்சியை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. எனவே தூக்கிச் செல்லக்கூடிய பீசீஆர் கருவியுடன் போய், தோக்கியோவில் ஹோட்டல் அறையிலேயே நகலெடுத்தார்கள். குழாயில் உண்டான நகல் திமிங்கிலத்தின் உடற்பாகமல்ல. அதைக் கொண்டுபோகத் தடையில்லை. ஜப்பான் அப்போது ஆய்வு என்ற பெயரில் பிடித்தது மின்கே திமிங்கிலத்தை. விற்பனைக்கு இருந்தவற்றிலோ ஃபின் திமிங்கிலமும் கூனல் திமிங்கிலமும் டொல்பினும் வெளிவந்தன. 1994 இல் வெளியான அந்த அறிக்கை எந்தக் கடைக்காரரையும் தேடிப் போகவில்லை. ஒரு நாட்டின் கணக்குப் புத்தகத்தைச் சந்தையோடு ஒப்பிட்டது, அவ்வளவுதான்.

2008 இல் நியூயோர்க்கின் இரு பாடசாலை மாணவிகள் கடைகளிலும் உணவகங்களிலும் 60 மீன் துண்டுகளைச் சேர்த்துக் குவெல்ஃபுக்கு அனுப்பியதும் இந்த வகையே. அடையாளம் காண முடிந்தவற்றில் நாலில் ஒன்றுக்குப் பெயர் தவறு. விலை குறைந்த மீன் உயர்ந்ததன் பெயரில் விற்கப்பட்டிருந்தது. கடைகளின் பெயரை அவர்கள் வெளியிடவில்லை. அந்த அடக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

இனி, முந்தலில் ஒரு மேசையில் இதைச் செய்தால் எங்கெல்லாம் சறுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் சமையல். சூடு டி.என்.ஏ.யைத் துண்டாக்கும், புளிப்பு அதைவிட மோசம். கொறுக்காய்ப்புளி போட்டு வற்றவைத்த கறியில் 650 எழுத்துத் தொடர் முழுதாகக் கிடைப்பது அரிது. 150 எழுத்துக்குள் அடங்கும் சிறு பகுதியைத்தான் தேட வேண்டும். மஞ்சளும் மசாலாவும் நகலெடுக்கும் நொதியின் கையைக் கட்டிவிடும். அப்போது கோடு விழாது. விழாததை "ஆடு இல்லை" என்று வாசிப்பதுதான் கற்றுக்குட்டியின் முதல் பிழை. ஆட்டிறைச்சி என்று உறுதியாகத் தெரிந்த துண்டொன்றையும், எதுவுமே போடாத வெற்றுக் குழாயொன்றையும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓடவிடாத சோதனையைச் சோதனை என்று சொல்லவே கூடாது.

அடுத்தது, இதற்கு நேர்மாறான குற்றம். சோதனை மிகக் கூர்மையானது. மாடு வெட்டிய கட்டையில் ஆட்டை வெட்டினால் ஆட்டில் மாடு தெரியும். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை மாட்டிறைச்சிப் பர்கர் 27 ஐச் சோதித்தது. 23 இல் பன்றியின் டி.என்.ஏ., 10 இல் குதிரையின் டி.என்.ஏ. ஐரோப்பாவையே உலுக்கிய மோசடி வெளிவந்தது இந்தப் பத்தில் ஒன்றினால்: டெஸ்கோவில் விற்ற அதன் இறைச்சியில் 29 சதவீதம் குதிரை. மற்றவற்றில் பெரும்பாலானவை சுவடுகள். அதனால்தான் அங்கே ஒரு சதவீதத்தை எல்லையாக வைத்தார்கள். அதற்கு மேலே போனால்தான் கலப்படம் என்ற பேச்சு. சாதாரண பீசீஆர் கோடு இந்த அளவைச் சொல்லாது. உண்டா இல்லையா என்பது மட்டுமே அதன் பதில். 2014 மே மாதம் மலேசியச் சுகாதார அமைச்சு கட்பரி சொக்லேட் இரண்டில் பன்றியின் சுவடு என்று அறிவிக்க, நாடே கொதித்தது. சில நாட்களில் மார்க்க விவகாரத் துறையான ஜாகிம் புதிய மாதிரிகளைச் சோதித்துவிட்டு எதுவும் இல்லை என்றது. அரச ஆய்வுகூடங்களுக்கிடையிலேயே இப்படியென்றால் வீட்டு மேசையின் சுவட்டுக்கு என்ன எடை கொடுப்பது?

மூன்றாவது வகையில் பிழை சோதனையினுடையதல்ல, உயிரியலினுடையது. இந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றி இறைச்சி என்றால் தனி மவுசு உண்டு. வாங்கியவர் ஏமாந்தாரா என்று கேட்டால் இழைமணி கைவிரிக்கும். காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் ஒரே இனம். கருவின் டி.என்.ஏ.யில் நிறத்தையும் முள்ளெலும்பு எண்ணிக்கையையும் தீர்மானிக்கும் இடங்களைப் பார்த்துப் பிரிக்கிறார்கள் என்றாலும், ஊர்ப்பன்றியும் காட்டுப்பன்றியும் கலந்து ஈனும் இடங்களில் அதுவும் தடுமாறும். மாட்டையும் எருமையையும் பிரிப்பது சுலபம். 1958 ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் எருமை அறுப்பதைக் கட்டுப்படுத்துவதால் அந்தப் பதிலுக்கு இங்கே பயனும் உண்டு. ஆனால் இழைமணி தாய்வழியில் மட்டும் வருவது. கலப்பினக் கன்றின் தந்தையைப் பற்றி அது வாயே திறக்காது. சருகுமானின் கதை இன்னும் நுணுக்கமானது. இலங்கையின் சருகுமான் ஒன்றல்ல, உலர்வலயத்துக்கு ஒன்றும் ஈரவலயத்துக்கு ஒன்றுமாக இரண்டு இனங்கள் என்று 2005 இல் பிரித்துக் காட்டினார்கள். சேமிப்பில் இரண்டின் தொடரும் சரியான பெயரில் இல்லாவிட்டால் கருவி மிக உறுதியான தொனியில் தவறான பதிலைச் சொல்லும்.

மாட்டைத் தொலைத்தவர்? இறைச்சி மாடுதான் என்று சோதனை சொல்லும். அது அவருக்கு முன்பே தெரியும். அவருடைய மாடா என்றறிய, தொழுவத்தில் மிஞ்சிய தாயோடோ கன்றோடோ கருவின் பல இடங்களை ஒப்பிட வேண்டும். மனிதரில் தந்தைமைச் சோதனை செய்வதைப் போன்ற அந்த வேலை மேசைப் பெட்டிக்கு மிஞ்சியது. இந்தக் கரையில் இறைச்சி பற்றிய முறைப்பாடுகளில் மாட்டுக் களவு எவ்வளவு பெரிய இடத்தைப் பிடிக்கிறது என்பதை நினைத்தால், இனம் காணும் சோதனை மிக அவசரமான கேள்விக்கே பதிலற்று நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்தனையும் குழாய்க்குள் நடக்கும் சங்கடங்கள். குழாய்க்கு வெளியே நடப்பவை வேறு ரகம்.

2018 நவம்பர் 17 அன்று சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. நீண்ட வாலைப் பார்த்து நாய் என்றார்கள். மாலைக்குள் தொலைக்காட்சி முழுக்க நாய், மறுநாள் பிரியாணிக் கடைகள் வெறிச்சோடின. விவேக்கின் காக்கா பிரியாணி நகைச்சுவை வந்து பதினாறு வருடமாகியும் மறக்காத ஊர் அது. நம்புவதற்கு யாரும் சிரமப்படவில்லை. சில நாட்கள் கழித்துச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனை அது ஆட்டிறைச்சி என்றது. இறைச்சி அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது. 2024 ஜூலையில் பெங்களூரு ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த பொதிகளுக்கும் அதே குற்றச்சாட்டு, ஹைதராபாத் ஆய்வுகூடத்திலிருந்து அதே பதில்: ஆடு.

இலங்கைக்கு வந்தால், 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறியில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது கண்டி மாவட்டத்துத் திகன முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் எரிந்து, அவசரகாலச் சட்டமும் வந்துவிட்டது. முந்தலுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2019 மே 12 அன்று பக்கத்துச் சிலாபத்தில் கடைகள் உடைபட்டது ஒரு முகநூல் பின்னூட்டத்தின் தவறான வாசிப்பால். மறுநாள் கொட்டாரமுல்லையில் ஓர் உயிரும் போயிற்று.

தாத்ரியைச் சொல்லாமல் இந்தப் பட்டியலை விடமுடியாது. 2015 செப்டெம்பர் 28 இரவு உத்தரப் பிரதேசத்தில் முகமது அக்லாக் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்று அடித்துக் கொல்லப்பட்டார். உள்ளூர்க் கால்நடை அலுவலர் முதலில் ஆட்டிறைச்சி போலத் தெரிகிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டு வெளியான மதுரா ஆய்வுகூடத்தின் அறிக்கை பசு அல்லது அதன் வழியினம் என்றது. சோதித்த துண்டு வீட்டின் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததா தெருவிலிருந்து எடுத்ததா என்று நெடுநாள் வாதாடினார்கள். எந்த மிருகமாக இருந்தாலும் கொலை கொலைதான் என்பதை அந்த வாதம் ஓரத்துக்குத் தள்ளியது. கொன்றவர்களுக்குச் சோதனை ஒரு நியாயமாகவே பயன்பட்டது.

வேகமான சோதனை வதந்தியை அடக்கும் என்று வாதிடுவோர் உண்டு. எழும்பூரில் ஒரு மணி நேரத்தில் பதில் கிடைத்திருந்தால் நல்லதுதானே என்பார்கள். பதில் யார் வாயிலிருந்து வருகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் 1980 ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுக்கும்போது அது முத்திரையிடப்படுகிறது. எடுத்தவரும் இடமும் நேரமும் பதிவில் இருக்கும். கடைக்காரருக்கு எதிர்வாதம் செய்ய இடமுண்டு. ஓர் இளைஞர் பொலித்தீன் பையில் கொண்டுவந்த துண்டுக்கு இவை எதுவும் இல்லை, கைபேசி மட்டும் உண்டு. கோடு தெரிந்த படம் ஊரெங்கும் போன பிறகு "வெற்றுக் குழாயிலும் அதே கோடு விழுந்திருந்தது" என்று சொல்லி எவரைத் தடுப்பது? தனிக் கடை, தனி ஆள் மீதான குற்றச்சாட்டுக்கு அமெச்சூர் சோதனையைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் நிலைப்பாடு. சுற்றுவட்டாரத்துச் சந்தைகளிலிருந்து பல துண்டுகளை எடுத்து, இடத்தையும் கடையையும் குறியீட்டால் மறைத்து, மொத்தப் படத்தைக் காட்டுவது வேறு. நியூயோர்க் மாணவிகள் செய்தது அதைத்தான்.

அப்படியொரு மொத்தப் படம் இந்தக் கரைக்கு மிகவும் தேவைப்படும் இடம் கடலில் இருக்கிறது. கடற்பசு, ஆவுளியா, கடற்பன்றி என்று ஊருக்கொரு பெயர் பெற்ற விலங்கு புத்தளம் களப்பிலிருந்து மன்னார் வளைகுடா வரை கடற்புல் மேய்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் டெனன்ட் ஆதாம் பாலத்திலிருந்து கற்பிட்டிக் குடா வரை அதன் இருப்பைப் பதிவு செய்தார். மூன்று மீற்றர் வரை வளர்ந்து, சில வருடங்களுக்கு ஒரே கன்று ஈனும் இவ்விலங்கு வலையிலும் வெடியிலும் மாள்கிறது. இறைச்சி துண்டாகி, மாட்டிறைச்சியோடு மாட்டிறைச்சியாகக் கைமாறிவிடும். அருகில் வைத்துப் பார்த்தாலும் நிறத்தைக் கொண்டு சொல்ல முடியாது. டி.என்.ஏ.யில் மட்டும் அது மாட்டிடமிருந்து வெகுதூரம். யானையின் உறவு என்பதால், சிறு துண்டுத் தொடர் கிடைத்தாலே ஐயமில்லாமல் பிரிந்துவிடும். கடலாமைகளிலும் அப்படியே. இலங்கைக் கரையேறும் ஐந்து இனங்களும் பாதுகாக்கப்பட்டவை. அழுங்காமையின் இறைச்சி சிலவேளை நஞ்சாகி உயிரைக் குடிப்பதால் இனம் அறிவது வைத்தியசாலைக்கும் அவசரம். 2012 இலிருந்து பிடிக்கத் தடையுள்ள கசைவால் சுறாக்கள் துடுப்பும் தலையும் போய்க் கருவாடானால் அவற்றையும் இந்த வழியில்தான் அறியலாம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாடு 2022 செப்டெம்பரில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அக்கரையிலும் இக்கரையிலும் மேய்வது ஒரே இனம்; இறைச்சித் துண்டின் தொடர்களை இரு பக்கமும் ஒப்பிட முடிந்தால் எந்தக் கூட்டத்திலிருந்து எவ்வளவு குறைகிறது என்ற கேள்வியையாவது ஒழுங்காகக் கேட்கலாம்.

ஆனால் அமெச்சூருக்கு இங்கே ஒரு வேலி இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட விலங்கின் இறைச்சியை வைத்திருப்பதே குற்றம். சோதிக்கத்தான் வாங்கினேன் என்பது நீதவான் முன்னால் எடுபடாது. எனவே கைப்பற்றிய இறைச்சியை வைத்திருக்கும் வனஜீவராசிகள் திணைக்களம் துண்டைத் தர வேண்டும், அல்லது திணைக்களத்தின் அறையிலேயே நகலெடுக்க அனுமதிக்க வேண்டும். பேக்கர் தோக்கியோவில் காட்டிய வழி இந்த இரண்டாவதுதான்: இறைச்சி சட்டத்தின் கையிலேயே இருக்கும், நகல் மட்டும் வெளியே வரும். மாணவர்களுக்கு இறால் குஞ்சுச் சோதனையைப் பழக்கப் பத்துலுஓயாப் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். தொடக்க இழைகள் தபாலில் வரும். முதல் வருடம் கடற்பசுவைத் தொடவே வேண்டாம். ஆடு, செம்மறி, மாடு, எருமை, கோழி, பன்றி ஆறையும் ஆசிரியர் ஒருவர் எண் போட்டு மறைத்துக் கொடுக்கட்டும். பச்சையாகவும், உப்பிட்டுக் காயவைத்தும், கொறுக்காய்ப்புளியில் வேகவைத்தும் அந்த ஆறும் திரும்பத் திரும்பப் பிழையின்றி வந்தால், திணைக்களத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதத் தொடங்கலாம்.